இரண்டு மில்லி

2024 ஜூலை 11, வியாழன்
மதுரை, பெரியாஸ்பத்திரி

இன்று பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சாய்ந்து உட்கார்ந்து எழுத முடிகிறது.

திங்கட்கிழமை ஆபரேஷன் செய்து பாப்பாவை எடுத்தார்கள். முப்பது வாரம்தான். எடை 1,150 கிராம். எனக்கு வலிப்பு வந்துவிடக் கூடாதென்று மெக்னீசியம் ஊசி ஏற்றிக்கொண்டிருந்ததால் அவளை இன்னும் பார்க்கவில்லை. என் கணவர் பார்த்துவிட்டு வந்து சொன்னதுதான் எனக்குத் தெரிந்த பாப்பா. "கை கால் நல்லா ஆட்டுறா. விரலெல்லாம் தீக்குச்சி கணக்கா இருக்கு."

காலையில் குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு சிஸ்டர் தாளோடு வந்தார். "உங்களுக்குப் பால் ஊறுற வரைக்கும் தாய்ப்பால் வங்கியிலேர்ந்து பாப்பாவுக்குக் குடுக்கலாமாம்மா? சம்மதம்னா இதுல ஒரு கையெழுத்து."

யாருடைய பால் என்று கேட்டேன்.

"பிள்ளை பெத்த யாரோ ஒரு அம்மா. அவங்க பேரை உங்ககிட்டச் சொல்ல மாட்டோம். உங்க பேரையும் அவங்ககிட்டச் சொல்ல மாட்டோம்."

பவுடர் பால் ஏன் கூடாது என்றும் கேட்டேன். குறைமாதப் பிள்ளையின் குடல் இன்னும் பக்குவப்படவில்லை, பவுடர் பால் கொடுத்தால் குடல் வீங்கி அழுகிப்போகிற ஒரு நோய் வரும் வாய்ப்பு கூடுதல், தாய்ப்பாலில் அந்த ஆபத்து குறைவு என்றார். பெற்றவள் பால் முதலில். அது இல்லையென்றால் இன்னொரு தாயின் பால். பவுடர் அதற்கும் அப்புறம்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரிசையும் இதுதானாம்.

கையெழுத்துப் போட்டேன். ஒரு வேளைக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று அம்மா கேட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மில்லி, வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் டியூபில். "ரெண்டு மில்லின்னா எம்புட்டு?" சிஸ்டர் ஒரு சிரிஞ்சை எடுத்து கோட்டைக் காட்டினார். அரை டீஸ்பூன்கூட வராது.

அந்த அரை டீஸ்பூனை இன்று என்னால் கொடுக்க முடியவில்லை. யாரோ ஒருத்தி கொடுத்திருக்கிறாள்.

ஜூலை 12, வெள்ளி

ஊரிலிருந்து பெரியம்மா பார்க்க வந்திருந்தார். ஹார்லிக்ஸ், ஆப்பிள், கூடவே ஒரு கேள்வி. "யாரு பாலோ குடுக்குறாகளாமே? என்ன ஆளுக பாலுன்னு கேட்டீகளா?"

கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன் என்றேன். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற குரலில் சொல்லியிருப்பேன் போல, பக்கத்துக் கட்டில் திரும்பிப் பார்த்தது. பெரியம்மா விடவில்லை. ரத்தத்தோடு ஒட்டுவதல்லவா பால் என்றார்.

அம்மாதான் முடித்துவைத்தாள். சண்டை போடவில்லை. ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "திருப்பரங்குன்றத்துல இருக்கானே முருகன், அவனுக்கே ஆறு பேரு பால் குடுத்தாக. கார்த்திகைப் பெண்டுக என்ன ஆளுகன்னு நீ கேட்டியா?" என்றாள். பெரியம்மா சுளையை வாங்கித் தின்றார்.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரு கிலோ எடையுள்ள உயிர் மூச்சுக்குத் திணறுகிறது, அதன் வாயருகில்கூட இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. இங்கே எல்லார் பாலும் ஒரே குளிர்பெட்டியில் இருக்கிறது. என் மகள் அந்தப் பெட்டியிலிருந்து குடித்து வளர்கிறாள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஜூலை 14, ஞாயிறு

பார்த்துவிட்டேன். சக்கர நாற்காலியில் கூட்டிப்போனார்கள். உள்ளங்கையில் அடங்குகிற தலை. தோல் வழியே நரம்பு தெரிகிறது. தொடலாம் என்றார்கள். சுண்டுவிரலை நீட்டினேன், பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்து கையால் பீய்ச்சி எடுக்கப் பழகினேன். மார்பைக் கீழிருந்து தாங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவட்டத்துக்குப் பின்னால் வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு முன்னால். முக்கால் மணி நேரத்தில் கிண்ணத்தின் அடி நனைகிற அளவுக்கு மஞ்சளாக வந்தது. சீம்பால். அதை வீணாக்காமல் துளித்துளியாகப் பாப்பாவின் உள்கன்னத்தில் தடவிவிட்டார்கள். என்னிடமிருந்து அவளுக்குப் போன முதல் உணவு. டியூபில் போனது இன்றும் அந்தப் பெயர் தெரியாதவளின் பால்தான்.

ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து எடுக்க வேண்டுமாம். பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாக இருக்கும் என்றார் சிஸ்டர். அலாரம் வைத்திருக்கிறேன்.

ஜூலை 17, புதன். ஆடி 1

தையல் வலி குறைந்து நடக்க ஆரம்பித்ததும் தாய்ப்பால் வங்கி எங்கே என்று கேட்டுப் போய்ப் பார்த்தேன். பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்திருந்தேன். கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை, மின்பம்பு வைத்த நாற்காலிகள், ஒரு தண்ணீர்த்தொட்டி போன்ற இயந்திரம், இரண்டு டீப் ஃப்ரீசர்கள். அவ்வளவுதான்.

அங்கிருந்த சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். எழுதிவைத்துக்கொள்கிறேன், மறந்துவிடக் கூடாது.

கொடுக்க வரும் தாய்க்கு முதலில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ் பரிசோதனை முடிவுகளைப் பார்ப்பார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், புகையிலைப் பழக்கம் உண்டா, தன் பிள்ளைக்குப் போக மிச்சம் இருக்கிறதா என்பதையும் கேட்பார்கள். தன் பிள்ளைக்கே பற்றாதவளிடம் வாங்க மாட்டார்கள். சில தாய்மாரிடம் எடுத்த பாலைச் சேர்த்துக் கலந்து, 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். கொதிக்கவிடுவதில்லை. கொதித்தால் சத்து போய்விடும், குறைந்தால் கிருமி சாகாது. உடனே குளிரவைத்து, அதில் ஒரு துளியைக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை பால் மைனஸ் 20 டிகிரியில் காத்திருக்கும். சுத்தமென்று வந்தால்தான் வார்டுக்குப் போகும். இல்லையென்றால் கொட்டிவிடுவார்கள்.

"கொட்டுறப்ப மனசு கேக்காதும்மா. ஒவ்வொரு மில்லியும் ஒரு பொம்பளை தூக்கம் முழிச்சு எடுத்தது."

சூடாக்கும்போது நோய் எதிர்ப்புப் பொருள்கள் கொஞ்சம் குறையும், உயிருள்ள செல்கள் போய்விடும். அதனால்தான் உங்கள் பால் வந்ததும் அதற்கு மாறிவிட வேண்டும், இது அதுவரைக்கும் ஒரு பாலம் என்றார்.

அந்த அறையில் என் கண் நின்றது ஒரு அக்காவிடம்தான். மூலையில் டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி, அலசி, கொதிக்கும் பாத்திரத்தில் போட்டு, இடுக்கியால் எடுத்து, துணியில் கவிழ்த்து, மறுபடி அடுத்தது. நான் நின்ற நேரம் முழுக்க நிமிரவே இல்லை. பால் கொடுத்தவளை நினைத்து இத்தனை நாளும் உருகிக்கொண்டிருந்தேன். இந்த அக்காவை நினைக்கவே இல்லை. கொடுத்தவளின் நல்ல மனசு என் மகளின் வாய்க்கு வந்து சேர ஒரு தெர்மாமீட்டர் சரியாக இருக்க வேண்டும், ஃப்ரீசருக்குக் கரண்ட் நிற்காமல் வர வேண்டும், ஒருவர் முதுகு வலிக்க வலிக்க டப்பா கழுவ வேண்டும். இதெல்லாம் இல்லாத ஊரில் அதே நல்ல மனசு அந்தப் பெண்ணின் ரவிக்கையை நனைத்துவிட்டுப் போயிருக்கும்.

இவர் சாயங்காலம் கைபேசியில் தேடிப் படித்துச் சொன்னார். உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909-இல் வியன்னாவில் திறந்ததாம். நம் நாட்டில் முதலாவது 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது. பிரேசிலில் 200-க்கும் மேல் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் ஏழு அரசு மருத்துவமனைகளில் ஒரே நேரத்தில் திறந்தார்கள். அந்த அறிவிப்பு வந்த காலத்தில் நானும் செய்தித்தாள் படித்திருப்பேன். கண்ணில் பட்டும் மனதில் நிற்கவில்லை. இப்போது அந்த ஒரு வரிச் செய்தி என் வீட்டுச் செய்தி.

ஜூலை 21, ஞாயிறு

எடை குறைந்து 1,060-க்குப் போனவள் இன்று 1,155. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். இவர் வார்டு வாசலில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

நேற்று முதல் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கங்காரு முறை. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-இல் இன்குபேட்டர் போதாமல் டாக்டர்கள் ஆரம்பித்ததாம். போதாமையிலிருந்து பிறந்த முறை இன்று இன்குபேட்டர் இருக்கிற இடத்திலும் நடக்கிறது. அவள் மூச்சு என் கழுத்தில் படுகிறது. அதற்குப் பிறகு எடுத்தபோது நாற்பது மில்லி வந்தது. இனி அவளுக்கு முழுக்க என் பால்தான் என்று சிஸ்டர் சொன்னார்.

ஜூலை 25, வியாழன்

எதிர்க்கட்டிலில் நெல்பேட்டைப் பெண். இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே. அவளுக்கும் பால் இன்னும் வரவில்லை. வங்கிப் பாலுக்குக் கையெழுத்துக் கேட்டபோது அவள் கணவர் தயங்கினார். அவர்கள் மார்க்கத்தில் ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்புகள். பிற்காலத்தில் ஒருவரை ஒருவர் மணக்கக் கூடாது. "யாரு பாலுன்னே தெரியலன்னா, நாளைக்கு எம்புள்ள தெரியாமத் தன் தங்கச்சியையே கட்டிட்டா என்னம்மா பண்றது?" என்று என்னிடமே கேட்டார். பள்ளிவாசலில் பெரியவரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். இதே வார்டில் அவர்கள் ஆட்கள் சிலர் ஒப்புக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணவர் திரும்பி வந்து, வேண்டாம், பெற்றவள் பாலுக்கே முயற்சி பண்ணுகிறோம் என்றார். சிஸ்டர் வற்புறுத்தவில்லை. சரி, அதுவரைக்கும் டாக்டர் சொல்கிறபடி பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் கிண்ணத்தை நீட்டினார்.

பெரியம்மா கேட்டதும் அந்தக் கணவர் கேட்டதும் "யாரு பால்" என்ற ஒரே கேள்விதான். ஆனால் பெரியம்மா கேட்டது ஒருத்தியை விலக்கிவைக்க. அவர் கேட்டது அந்த முகம் தெரியாதவளைத் தன் பிள்ளைக்குத் தாயாகவே எண்ணிப் பார்த்ததால். இரண்டையும் நான் ஒன்றாக எடைபோட மாட்டேன்.

என்னிடம் இப்போது பால் மிச்சமாகவே இருக்கிறது. அவளுக்கு அது ஆகாது. ஆனால் நான் கற்றுக்கொண்டது ஆகும். ராத்திரி எனக்கு அலாரம் அடித்தபோது அவளையும் எழுப்பினேன். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, விரல் எங்கே வைப்பது என்று காட்டினேன். சிஸ்டர் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள், "அவசரப்படாதீங்க, பிள்ளையை நெனச்சுக்கங்க." இரண்டு மணிக்கு ஒன்றுமில்லை. ஐந்து மணிக்குச் சில சொட்டுகள். "வருது அக்கா, வருது!" என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டே விழித்துக்கொண்டது. யாரும் கோபிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மகப்பேறு அட்டையில் இருந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, இன்னொரு முறையும் ரத்தம் எடுத்துச் சரியென்று சொன்னபின் இன்று வங்கிக்குக் கொடுத்தேன்.

அத்தைக்கு விருப்பமில்லை. "நம்ம பிள்ளைக்குப் பத்தாமப் போயிரும் ஆத்தா. கண்ணு பட்டுச்சுன்னா மாரு வத்திரும்." எடுக்க எடுக்கத்தான் ஊறும், எடுக்காமல் விட்டால்தான் வற்றும் என்று சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். அத்தை நம்பினாரா தெரியாது. ஆனால் மத்தியானம் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் வழக்கத்தைவிட அதிகமாகக் கட்டிக்கொண்டு வந்தார். "ரெண்டு பிள்ளைக்குச் சாப்புடு" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

தலைக்கு உறை, முழங்கை வரை சோப்பு, பம்பு. தொண்ணூறு மில்லி. டப்பா மேல் தேதியும் நேரமும் ஓர் எண்ணும் எழுதினார்கள். அந்த எண்தான் நான். பதிவேட்டில் மட்டும் என் பெயர் இருக்கும்.

தொண்ணூறு மில்லி என்றால் என் மகள் முதலில் குடித்த கணக்குக்கு நாற்பத்தைந்து வேளை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. சுவர் முழுக்க தாய்ப்பால் வாரச் சுவரொட்டி. அதற்குக் கீழே உட்கார்ந்து நன்றாக அழுதேன். டப்பா கழுவும் அக்கா வந்து தண்ணீர் கொடுத்தார்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

1,390 கிராம். டியூபோடு சேர்த்துக் கொஞ்சம் பாலாடையிலும் கொடுத்துப் பார்த்தார்கள், சப்புக்கொட்டினாள். அத்தை கொண்டுவந்த வெள்ளிச் சங்கு வீட்டுக்குத்தான். இங்கே கொதிக்கவைத்த ஸ்டீல் பாலாடை மட்டுமே.

ஆகஸ்ட் 7, புதன்

நடைபாதையில் உசிலம்பட்டிப் பக்கத்து ஆத்தா ஒருவர் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார். மகளுக்கு வலிப்பு வந்து தீவிர சிகிச்சையில், நினைவு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. பேரன் 900 கிராம். ஒரு மஞ்சப்பை, ஒரு போர்வை, அவ்வளவுதான் அவரிடம்.

இன்று என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "தாயி, நீ படிச்ச பிள்ள கணக்கா இருக்க. என் பேரனுக்குப் பால் வாங்கி ஊத்துறாகளே, அதுக்கு எம்புட்டு ஆகும்? காதுல கெடக்குறத வச்சுரலாமான்னு பாக்கேன்."

காதில் தண்டட்டி கிடந்தது. இந்தக் காலத்தில் அதைப் போட்டிருப்பவர்களைப் பார்ப்பதே அபூர்வம்.

"இதுக்குக் காசு இல்ல ஆத்தா. குடுக்குறவங்களும் காசு வாங்குறதில்ல, இங்கேயும் கேக்க மாட்டாங்க."

நம்பவில்லை. சிஸ்டரிடம் கூட்டிப்போய்ச் சொல்லவைத்தேன். "சும்மாவா? யாரு குடுக்குறா சும்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சந்தேகம் இல்லை அது. அறுபது எழுபது வருஷ வாழ்க்கையில் சும்மா வந்தது எதுவும் அவர் கைக்கு வந்ததில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

நான் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அந்த வயதில் என் காலைத் தொட்டிருப்பார். பல தாய்மார் பாலைக் கலந்துதான் கொடுக்கிறார்கள், அதில் இது என் பால் என்று எடுத்துக்காட்ட எதுவுமில்லை. என் மகளுக்குக் கொடுத்தவளும் ஒருவேளை இதே நடைபாதையில் என் அம்மாவைத் தாண்டி நடந்து போயிருக்கலாம். அவள் முகம் தெரியாததால்தான் நான் யாருக்கும் கடன்பட்டுக் குனியாமல் அந்தக் கையெழுத்தைப் போட முடிந்தது. அந்த நிமிர்வு ஆத்தாவுக்கும் கிடைக்கட்டும்.

அவருக்கு டீயும் பன்னும் மட்டும் வாங்கிக் கொடுத்தேன். அதற்கே "நல்லாயிரு தாயி" என்று தலையில் கை வைத்தார்.

ஆகஸ்ட் 14, புதன்

வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். 1,680 கிராம். மார்பில் நேரடியாகக் குடிக்கிறாள், களைத்துப்போனால் மீதியைப் பாலாடையில்.

நெல்பேட்டைப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகளுக்கும் போதுமான அளவுக்குப் பால். புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு அவள்தான் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டி ஆத்தாவின் மகளுக்கு நினைவு வந்துவிட்டது, பேரனை இன்னும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை தேறிவிட வேண்டும். இன்றைக்கு எனக்கிருக்கும் ஒரே வேண்டுதல் அது.

கிளம்பும்போது டப்பா கழுவும் அக்காவிடம் போய்ச் சொல்லிக்கொண்டேன். பாப்பாவைக் காட்டினேன். "எந்தப் பிள்ளைக்குன்னு எனக்கு எங்கே தெரியுது, நான் டப்பாவத்தானே பாக்குறேன்" என்றார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பாப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். சம்பளம் எவ்வளவு என்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அது நிச்சயம் போதாது.

ஆகஸ்ட் 29, வியாழன்
மேலூர்

பாப்பாவுக்கு இன்று விழித்திரைப் பரிசோதனை. குறைமாதப் பிள்ளைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போய்விடும் அபாயம் உண்டு. நாலாவது வாரத்தில் வார்டிலேயே பார்த்தார்கள், அப்புறம் வரச்சொன்ன தேதி இது. நன்றாக இருக்கிறது, இன்னொரு முறை மட்டும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

மதுரைக்குப் போவதை வைத்து, வீட்டில் எடுத்து உறையவைத்த பாலையும் கொண்டுபோனோம். இவர் மீன் வாங்கப் போகிற ஐஸ்பெட்டியைத்தான் முதலில் எடுத்தார். வேண்டாமென்று புதிதாக ஒன்று வாங்கவைத்தேன். ஜெல் ஐஸ் கட்டிகளைச் சுற்றி அடுக்கி, பேருந்தில் ஜன்னலோரம் வெயில் படாமல் மடியில் வைத்துக்கொண்டு, மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்து முதலில் வங்கிக்கு. பால் இளகியிருந்தால் வாங்க மாட்டார்கள். சிஸ்டர் ஒவ்வொரு டப்பாவாகத் தட்டிப் பார்த்து, கட்டியாக இருக்கிறது என்று உள்ளே வைத்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உசிலம்பட்டிப் பிள்ளை 1,200-ஐத் தொட்டுவிட்டதாம். அதன் தாய்க்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊறத் தொடங்கியிருக்கிறது.

பாப்பா இப்போது அதிகம் குடிக்கிறாள். மிச்சம் முன்போல் இல்லை. அதிகாலையில் எடுப்பதை மட்டும் சேர்த்துவைக்கிறேன். பள்ளிக்கூடம் திரும்பும்வரை இப்படியே கொடுக்க முடியுமென்று சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த பரிசோதனைத் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம். சுத்தம் செய்த டப்பாக்கள் ஆறு கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அத்தை அவற்றை ஃப்ரீசரில் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாதென்று, கருவாட்டைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டார்.